"அக்ஸிலரி பட்" என்றால் துணை அரும்பா? தேயிலைத் தவறணைக் கையேட்டில் ஒரு சொல்

கோப்பைத்தேநீர் கேட்டது:

வணக்கம். சிறுதோட்டக்காரருக்கான தேயிலைத் தவறணை (நாற்றுமேடை) கையேடு ஒன்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறது. மூலத்தில் "அக்ஸிலரி பட்" என்ற சொல் பல இடங்களில் இருக்கிறது. முதல் வரைவில் எல்லா இடத்திலும் "துணை அரும்பு" என்று போட்டிருக்கிறார்கள். ஒரு வரியைப் பாருங்கள்: "துணை அரும்புக்குச் சற்று மேலே சரிவாக வெட்டவும்." இது துணை என்றால் பிரதான அரும்பு எங்கே என்று வாசிப்பவர் கேட்பார். கட்டிங்கில், அதாவது நடுவதற்கு வெட்டியெடுக்கும் தண்டுத் துண்டில் இருப்பதோ ஒரே ஒரு மொட்டு.

நம் பாடநூல்களில் "கக்கவரும்பு" என்று இருக்கிறது. கக்கம் என்றால் கமக்கட்டு. செடிக்கு ஏது கமக்கட்டு? அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், எங்கிருந்து வந்தது? "துணை" என்பது எப்படி உள்ளே நுழைந்தது? மலையில் வேலை செய்பவருக்கு விளங்குகிற மாதிரி எப்படி எழுதுவது?

வேர்ச்சொல்:

"துணை" வந்த வழி சுலபம். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு: அக்ஸிலரி, ஒக்ஸிலியரி. முதலாவது ஏ, எக்ஸ் என்று தொடங்கும். இரண்டாவதில் நடுவே ஒரு யூ இருக்கும். ஒக்ஸிலியரி என்றால் துணை, உதவி. இலத்தீனில் "ஔக்ஸிலியும்" என்றால் உதவி. "ஔகேரே", அதாவது பெருக்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. அக்ஸிலரிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இரண்டில் எதை எழுதினாலும் சரி என்று விட்டுவிடும். அதனால் ஆங்கிலத்திலேயே "ஒக்ஸிலியரி பட்" என்று அச்சான நாற்றுமேடைத் துண்டறிக்கைகள் உண்டு. மூலத்தை முதலில் சரிபாருங்கள். பிழை மொழிபெயர்ப்பாளருடையது அல்லாமலும் இருக்கலாம்.

இனி அக்ஸிலரி. இலையும் தண்டும் கூடும் மூலையில் இருப்பது என்று பொருள். இலத்தீன் "அக்ஸில்லா" என்றால் அக்குள். அது "ஆலா" என்பதன் குறுமை வடிவம், அதாவது சிறியது என்று காட்டும் வடிவம். ஆலா என்றால் சிறகு. தோளுக்கும் அக்குளுக்கும் அதே சொல். சிறகும் அக்குளும் எப்படி ஒரே சொல் ஆயின என்று யோசிக்க வேண்டாம், கோழியைத் தூக்கிப் பிடித்தால் தெரியும்.

ஆலாவில் இல்லாத "க்ஸ்" அதன் குட்டியான அக்ஸில்லாவில் எப்படி வந்தது? வரவில்லை, முன்பே இருந்தது. ஆலாவின் பழைய வடிவம் "அக்ஸ்லா" போன்றது. பேச்சில் "க்ஸ்" தேய்ந்து முன்னுயிர் நீண்டது. குறுமை வடிவத்தில் இடையே ஓர் உயிர் நின்றதால் தேயவில்லை. இதைக் கண்டுபிடிக்க நவீன மொழியியல்கூடத் தேவைப்படவில்லை. கி.மு. 46இல் ரோமப் பேச்சாளர் சிசெரோ தன் "ஓராட்டோர்" நூலில், அக்ஸில்லா எப்படி ஆலா ஆயிற்று என்று கேட்டு, கரடுமுரடான எழுத்தை நாக்கு தவிர்த்ததுதான் காரணம் என்கிறார். மக்ஸில்லா, வெக்ஸில்லும் போன்றவற்றையும் கூடவே அடுக்குகிறார். குறுமை வடிவம்தான் மூத்தது என்ற அவர் எண்ணம் முழுச் சரியல்ல. ஆனால் சோடிகளைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

அந்த வெக்ஸில்லும் தாவரவியலுக்கும் வந்திருக்கிறது. அவரைக் குடும்பப் பூவில் பெரிய மேல் இதழுக்கு வெக்ஸில்லும், அதாவது கொடி. பக்கத்து இரண்டுக்கும் "ஆலே", அதாவது சிறகுகள். கிளிசரியாப் பூ ஒன்றைப் பிரித்தால் சிசெரோவின் பட்டியலில் பாதியைக் கையில் வைத்துப் பார்க்கலாம்.

செடிக்கு அக்குள் என்று சொன்னவர்கள் ஆங்கிலேயர் அல்ல. கி.பி. 79இல் இறந்த ரோம எழுத்தாளர் பிளினி இலையும் தண்டும் கூடும் இடத்தை "ஆலா" என்றே எழுதினார். அவருக்கு நாலு நூற்றாண்டு முன்னரே கிரேக்கத்தில் தியோபிராஸ்டஸ் "மஸ்காலே" என்றார். அதுவும் அக்குள்தான். தாவரவியலாளர் லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் இலையின் மூலையில் பிறக்கும் பூவுக்கு "அக்ஸில்லாரிஸ்" என்ற பெயரடையை நிலைப்படுத்தினார். ஆங்கிலத்தில் அக்ஸிலரி 17ஆம் நூற்றாண்டில் முதலில் வைத்தியர்களின் சொல்லாக இருந்து பிறகு செடிக்கு வந்தது.

டச்சுக்காரரின் சொல் இன்னும் வெளிப்படை: ஒக்ஸெல்க்னொப். ஒக்ஸெல் அக்குள், க்னொப் மொட்டு. "கமக்கட்டு மொட்டு" என்று அவர்கள் சிரிக்காமல் சொல்கிறார்கள்.

மஞ்சள்கொழுந்து:

அக்ஸில்லா, அக்குள்! ஒலி ஒன்று, பொருள் ஒன்று. இதைவிட வேறென்ன வேண்டும்? தமிழிலிருந்து போனதாக இருக்க ஏன் முடியாது?

வேர்ச்சொல்:

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். சோதிக்க ஒரு வழி உண்டு: இரு சொற்களின் இன்றைய உருவத்தை வைத்துப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் அதன் சொந்த வீட்டுக்குள்ளேயே பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும்.

அக்ஸில்லாவில் "-இல்லா" என்பது குறுமை விகுதி, கழற்றிவிடலாம். மிஞ்சுவது "அக்ஸ்". அதன் உடன்பிறப்புகள்: ஜேர்மன் அக்ஸெல், பழைய ஆங்கில எயக்ஸ்ல், இரண்டும் தோள். இலத்தீன் அக்ஸிஸ், கிரேக்க அக்ஸோன், வடமொழி அக்ஷ, மூன்றும் சக்கரத்தின் அச்சு. தோள் என்பது கை சுழலும் அச்சு என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது.

அக்குளைப் பாருங்கள். தமிழில் அதன் அயலில் நிற்பது "அக்குளுப் பாய்ச்சுதல்", அதாவது கிச்சுகிச்சு மூட்டுதல். சுழற்சியும் இல்லை, சக்கரமும் இல்லை, கூச்சம்தான் இருக்கிறது. பின்னோக்கிப் போகப் போக இரு சொற்களும் விலகுகின்றன. உறவுச் சொற்கள் என்றால் நெருங்க வேண்டும்.

உண்மையில் அக்ஸிலரிக்குத் தமிழில் ஒரு தூரத்து உறவு வேண்டுமென்றால், அது வண்டி "அச்சு". வடமொழி அக்ஷ வழியாக வந்தது. இன்னொரு வேடிக்கை: பாடநூலின் "கக்கம்" வடமொழி கக்ஷ. பார்க்க அக்ஸில்லாவின் தம்பி போலிருக்கும், ஆனால் அல்ல. அது இலத்தீன் "கொக்ஸா", அதாவது இடுப்பு என்ற சொல்லின் வீட்டைச் சேர்ந்தது. பொருள் ஒன்று, குடும்பம் வேறு.

கவ்வாத்துக்கத்தி:

வரலாறு இருக்கட்டும். "துணை அரும்பு" என்று அச்சிட்டால் வேறொரு சிக்கலும் வரும். தாவரவியலில் துணையரும்பு என்று வேறொன்று உண்மையாகவே இருக்கிறது. ஒரே இலைமூலையில் பிரதான மொட்டுக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலோ வரும் மேலதிக மொட்டு அது. ஆங்கிலத்தில் அக்ஸஸரி பட். அந்த நாற்காலியில் ஏற்கனவே ஆள் இருக்கிறார்.

கோப்பிச் செடியில் இது முக்கியம். ஒவ்வோர் இலைமூலையிலும் மொட்டுகள் வரிசையாக அடுக்கி நிற்கும். நேர்த்தண்டில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஒரு தடவை மட்டும் படுக்கைக் கிளையாக ஓடும். அந்தக் கிளை ஒடிந்தால் அதே மூலையிலிருந்து இன்னொரு படுக்கைக் கிளை வராது; கீழே நிற்கும் மொட்டுகள் நேராக மேலே போகும் வாதுகளையே தரும். கட்டிங் எடுத்தாலும் அப்படித்தான். படுக்கைக் கிளையில் எடுத்தால் செடி நிமிராமல் தரையோடு பரவும். மிளகிலும் காய்க்கும் பக்கக் கிளையில் எடுத்தால் கொடி ஏறாது, புதராக நிற்கும். புதர் மிளகு வேண்டுமென்பவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். ஆக, "எந்த மொட்டு" என்ற சொல் பிசகினால் மரமே மாறிவிடும்.

தேயிலைக் கட்டிங்குக்கு வருவோம். ஒரு கணு, ஒரு முழு இலை, இலைமூலையில் ஒரு மொட்டு, கீழே சுமார் 3 செ.மீ. தண்டு. இவ்வளவுதான் பொருள். வேர் தண்டின் அடியில் பிறக்கும், உணவு இலையிலிருந்து வரும், நாளைய செடி முழுவதும் அந்த ஒரு மொட்டிலிருந்து வரும். அதைப் போய்த் துணை என்பதா?

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை இவை. தாய்ச்செடி வாதின் நுனியில் உள்ள இளம்பச்சைத் துண்டையும் அடியில் பழுப்பேறிய முற்றிய துண்டையும் விட்டு நடுப்பகுதியை எடுங்கள். நுனி அழுகும், அடி வேர்விடப் பிந்தும். கட்டிங் எடுக்க ஒன்று, ஒன்றரை வாரத்துக்கு முன் வாதின் நுனியைக் கிள்ளிவிட்டால் இலைமூலை மொட்டுகள் சற்றுப் பருக்கும். பருத்தால் போதும், பாயக்கூடாது. ஏற்கனவே இலை விரித்த மொட்டுள்ள கட்டிங், வேருக்கு முன் தளிரில் சத்தைச் செலவழித்து வாடிவிடும்.

மேல் வெட்டு மொட்டுக்கு அரை செ.மீ. மேலே, இலை சாய்ந்திருக்கும் போக்கிலேயே சரிவாக இருக்க வேண்டும். ஒட்டி வெட்டினால் மொட்டு காய்ந்துவிடும். கட்டை நீளமாக நின்றால் அது கருகிக்கொண்டே கீழே இறங்கி மொட்டைத் தொடும். கத்தி மொட்டை மட்டும் அல்ல, இலைக்காம்பையும் நசுக்கக்கூடாது.

நடும்போது மொட்டும் இலைக்காம்பும் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மூலையில் மண் தேங்கினால் தண்ணீரும் தேங்கும், மொட்டு அழுகும். கட்டிங் ஆழமாகப் போனதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். மண்ணின் பீஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் அடியில் வெள்ளைக் கட்டி மட்டும் திரளும், வேர் இறங்காது.

இன்னொன்று: தேயிலைப் பூவும் இலைமூலையில்தான் பிறக்கும். ஆக "அக்ஸிலரி பட்" என்றவுடன் எல்லாம் தளிர் தரும் என்று எண்ணக்கூடாது. மெலிந்து கூராக இருந்தால் இலைமொட்டு. உருண்டையாகச் சிறு காம்போடு வளைந்து நின்றால் பூமொட்டு. பூமொட்டை மட்டும் நகத்தால் கிள்ளிவிடுங்கள், பக்கத்துக் கூர்மொட்டைத் தொடாமல். கையேட்டில் இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

பச்சைப்பலகை:

எனக்கு ஒரு சந்தேகம். மனிதனின் கமக்கட்டு கையின் கீழ்ப்பக்கம். செடியில் மொட்டு இலையின் மேல்பக்கம். உவமை தலைகீழாக இருக்கிறதே?

வேர்ச்சொல்:

நல்ல கேள்வி. கையை நீட்டிப் பார்த்தால்தான் தலைகீழ். தொங்கவிட்டுப் பாருங்கள்: உடலுக்கும் கைக்கும் நடுவே அடைபட்ட குறுங்கோணம்தான் அக்குள். கை கீழே தொங்குவதால் கோணம் கீழே திறக்கிறது. இலை மேல்நோக்கிச் சாய்வதால் அதன் குறுங்கோணம் மேலே திறக்கிறது. கொப்பைக் கவிழ்த்துப் பிடித்தால் கையும் இலையும் ஒன்றுதான். எனவே "அக்ஸில்" என்றால் இலையின் மேல்பக்கத்துக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கோணம். கீழ்ப்பக்கத்தில் மொட்டு இருக்காது. கையில் வந்த கட்டிங் நேரா தலைகீழா என்று குழப்பம் வந்தால் இதை வைத்தே தீர்க்கலாம்.

கூடவே ஒரு சோதனை. எரபது (முள்முருங்கை) இலையில் மூன்று சிற்றிலை இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டைத் தேடினால் கிடைக்காது. மூன்றையும் தாங்கும் காம்பு தண்டோடு சேரும் இடத்தில்தான் இருக்கும். எங்கே மொட்டு இருக்கிறதோ அங்கேதான் இலை முடிகிறது. கூட்டிலையையும் கொப்பையும் பிரித்தறிய இதைவிட உறுதியான அடையாளம் இல்லை.

மூன்றாம்கணு:

"துணை"யைப் பற்றிப் பேசும்போது ஒட்சின் என்ற வளரூக்கியை விட்டுவிட்டீர்களே. சுவையே அங்கேதான் இருக்கிறது.

நுனி மொட்டு இருக்கும்வரை கீழே உள்ள இலைமூலை மொட்டுகள் தூங்கும். நுனியில் உண்டாகி தண்டு வழியே கீழிறங்கும் ஒட்சின்தான் அவற்றை அடக்குகிறது. 1930களின் தொடக்கத்தில் திமன், ஸ்கூக் என்ற ஆய்வாளர் இருவரும் அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் அந்த வளரூக்கியைத் தடவிக் காட்டினார்கள்: நுனி இல்லாமலே பக்க மொட்டுகள் அடங்கிக் கிடந்தன. மேலிருந்து இறங்கும் ஒட்சின் மொட்டுக்குள்ளே போய் நேரடியாக அடக்குவதில்லை என்று பிறகு தெரிந்தது. ஸ்ட்ரைகோலக்டோன் என்ற இன்னொரு ஓமோனும் கிளைவிடுதலைத் தடுக்கிறது என்பது 2008இல் வெளிவந்தது.

ஒட்சின் என்ற பெயரை 1931இல் கோக்ல், ஹாகன்-ஸ்மித் இருவரும் கிரேக்க "ஔக்ஸெயின்", அதாவது வளர்தல் என்ற சொல்லிலிருந்து எடுத்தார்கள். அதுவும் மேலே வந்த இலத்தீன் "ஔகேரே"யும் ஒரே வேர். வடமொழி "ஓஜஸ்" கூட அதே கூட்டம். ஆக ஒட்சினும் ஒக்ஸிலியரியும் உறவு. அக்ஸிலரி மொட்டை அடக்கி வைப்பதே ஒக்ஸிலியரியின் சொந்தக்காரன்தான்!

மலையில் நடக்கும் வேலை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும்போது நுனி போகிறது, கீழே விட்ட இலையின் மூலையிலிருந்து அடுத்த கொழுந்து வருகிறது. மட்டக்கம்பை வைத்து ஒரே மட்டத்தில் எடுப்பது, எல்லா வாதிலும் மூலை மொட்டுகள் ஒரே உயரத்தில் விழிக்கத்தான். கவ்வாத்திலும் அதுவே. இலை உதிர்ந்தாலும் மூலை அழிவதில்லை, தழும்புக்கு மேலே மொட்டு உறங்கிக் கிடக்கும்.

வெலிமடை, நுவரெலியா உருளைக்கிழங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழங்கின் "கண்" என்பது இலைமூலை மொட்டுத் தொகுதி. கண்ணுக்கு ஓரமாக இருக்கும் புருவம் போன்ற வளைவு, அங்கே இருந்த செதில் இலையின் தழும்பு. விதைக்கிழங்கைக் குறுக்கே வெட்டாமல் நுனியிலிருந்து அடிவரை நெடுக்காக வெட்டச் சொல்வதும் இதனால்தான். குறுக்கே வெட்டினால் நுனித் துண்டுக்குக் கண் நிறைய, அடித்துண்டுக்கு ஒன்றிரண்டு. கோவாவில் (முட்டைக்கோஸில்) தலையை வெட்டியபின் அடிக்கட்டையில் குட்டிக் கோவாக்கள் வருவதும் மூலை மொட்டுகள் விழிப்பதுதான்.

கவ்வாத்துக்கத்தி:

சொல்லுக்கு என் யோசனை: கையேட்டில் "இலைமூலை மொட்டு". "கக்கவரும்பு" பரீட்சைக்குச் சரி, முதல் தடவை மட்டும் அதையும் ஒட்டி எழுதுங்கள், பிள்ளைகள் படித்துக் காட்டும்போது பாடநூலோடு பொருந்தும். தமிழ்நாட்டில் "கோணமொட்டு" என்கிறார்கள். மோசமில்லை. ஆனால் இங்கே கோணம் என்றால் கணக்குப் பாடம் நினைவுக்கு வரும். வெறும் "பக்க மொட்டு" வேண்டாம். பக்கம் என்றால் தண்டில் எங்கேயும் இருக்கலாம். அக்ஸிலரி என்ற சொல் வேலையைச் சொல்வதில்லை, இடத்தைத்தான் சொல்கிறது. தமிழிலும் இடம்தான் தெரிய வேண்டும்.

வேர்ச்சொல்:

ஒத்துக்கொள்கிறேன். கையேட்டின் ஆங்கிலத்தில் "அக்ஸைல்" என்று எங்காவது வந்தால் மட்டும் பொறுங்கள். அது அக்ஸில்லாவிலிருந்து அல்ல, நேரே அக்ஸிஸிலிருந்து வந்தது. சூலகத்தில் விதைகள் நடு அச்சில் ஒட்டியிருப்பதைச் சொல்வது. அதற்கு "அச்சு" என்றே போடவேண்டும், மூலை ஆகாது.

கோப்பைத்தேநீர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூலத்தைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் ஆங்கிலத்திலேயே யூ எழுத்தோடு தப்பாக இருக்கிறது. வரியை இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்: "இலைமூலை மொட்டுக்கு அரை செ.மீ. மேலே சரிவாக வெட்டவும். மொட்டு மண்ணுக்குள் போகாதபடி நடவும்."

கவ்வாத்துக்கத்தி:

"மொட்டும் இலைக்காம்பும் மண்ணுக்குள் போகாதபடி" என்று போடுங்கள். "சரிவாக" என்பதோடு "இலை சாய்ந்த போக்கிலேயே" என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் பாதிப்பேர் எதிர்ப்பக்கம் சரிப்பார்கள். அப்போது வெட்டின் தாழ்ந்த முனை மொட்டின் பக்கம் இறங்கி அதை உரசிவிடும்.